தூளிக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டிக் கோடு

“அசையாம இருடா, ராஜா. ஒரே ஒரு நிமிஷம்” என்று என் வீட்டுக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கெஞ்சியது பிறந்து முப்பது நாளே ஆன எங்கள் மகனிடம்.

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறை அது. உத்தரத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தொங்கியது. அதன் கொக்கியில் பச்சைச் சாரோங்கால் கட்டிய தூளி. தூளிக்குள் வெள்ளியும் பட்டுமாக எங்கள் தங்கவேலு. பக்கத்தில் இருந்த மரத்தூணுக்கு முன்னால், கையில் சாக்குக்கட்டியோடு மண்டியிட்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

பையன் ஒரு உதை விட்டால் தூளி மேலே போகும், உடனே கீழே வரும். அது நிற்பதற்குள் இன்னொரு உதை. முன்னறையில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ஞானம்மா அக்காவின் கடைசிப் பெண் தும்மப் போனாள். அக்கா அவள் மூக்கைப் பிடித்துவிட்டாள்.

கடைசியில் பையன் கொட்டாவி விட்டான். தூளி நின்றது. தூளியின் அடிப்பக்கம் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் இவர் தூணில் ஒரு கோடு இழுத்தார்.

“இதுதான் இன்னைக்கு இவன் கனம்” என்று எழுந்து நின்று அறிவித்தார். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு கோடு. புள்ளை வளர வளர ஸ்பிரிங் நீளும், கோடு கீழே இறங்கும். தராசு எதுக்கு?”

எல்லோரும் கை தட்டினார்கள். இவரோடு வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஆட்கள் விசிலடித்தார்கள். எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பாக இருந்தது. உலகத்தில் எந்தத் தாய்க்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது போல நெஞ்சு விம்மியது. இரண்டு வாரத்துக்குள் அதே கோடு என்னை எப்படிப் படுத்தப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்பிரிங் வந்த கதை

என் வீட்டுக்காரர் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். காலையில் வேலையாட்கள் ரயிலில் போவார், சாயங்காலம் கையெல்லாம் கரியாக வருவார். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு மரை, ஒரு கொக்கி, ஒரு நெம்புகோல் யோசிக்கிற ஆள். எங்கள் வீட்டு உரல்கூட அவரிடமிருந்து தப்பவில்லை. அதற்கும் கீழே சக்கரம் வைத்தார். மாவாட்ட உட்கார்ந்தால் உரல் ஓடும், நான் துரத்துவேன்.

நான் பிள்ளையாண்டிருப்பது தெரிந்ததும் அவர் ஆட்டாமலே ஆடும் தூளி செய்வதாகச் சபதம் போட்டார். இன்று கடைகளில் ஸ்பிரிங் வைத்த தொட்டில் விற்கிறார்கள். அன்று எங்கள் லைன் வீடுகளில் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

முதலில் கொண்டுவந்தது சரக்கு வண்டியில் போடுகிற ஸ்பிரிங். போர்மனிடம் கேட்டுக் கழிவு இரும்பிலிருந்து வாங்கிய பொருள். இரண்டு பேர் அதைக் கம்பில் கோத்துத் தோளில் சுமந்து வந்தார்கள். வாசலில் இறக்கியபோது தரை அதிர்ந்தது. உத்தரத்தில் மாட்டி, தூளி கட்டி, “உட்காந்து பாரு” என்றார்.

எனக்கு அப்போது மாதம் நிறைந்துகொண்டிருந்தது. பெரிய வயிற்றோடு தூளிக்குள் ஏறி உட்கார்ந்தேன். ஸ்பிரிங் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. இவரும் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

ஞானம்மா அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏன் தம்பி, பொறக்கப் போறது புள்ளையா, இஞ்சினா?”

அப்புறம்தான் பயணிகள் பெட்டியின் கதவிலிருந்து கழற்றிப் போட்ட மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வந்தது. ஒரு பூசணிக்காயை வைத்துப் பார்த்தோம். அழகாக மேலும் கீழும் ஆடியது. அன்று நாங்கள் இருவரும் அந்தப் பூசணிக்காயைத் தாலாட்டினோம். நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் இருந்தவன் புரண்டான்.

எண்ணெய் அதிகமான குளியல்

சென்ற வாரம் கோவிலில் ஒரு இளம்பெண் என்னை நிறுத்தினாள். கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

“பாட்டி, நீங்க எழுதுறதை நான் வாரா வாரம் படிக்கிறேன். உங்களுக்கு அந்தக் காலத்துல புள்ளை வளர்க்க யாரு பாட்டி சொல்லிக் கொடுத்தா?”

“யாரும் இல்லம்மா” என்றேன். அவள் நம்பவில்லை. உண்மை அதுதான். என் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், மாமியாரும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் இவரும்தான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பூசணிக்காயைத் தாலாட்டத்தான்.

பிரசவம் பார்த்த மருத்துவச்சி கிளம்பிப் போன மறுநாள் நாங்களே குளிப்பாட்டினோம். நான் மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். பிள்ளையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட வேண்டும் என்று மட்டும் பார்த்து வைத்திருந்தேன். எண்ணெய் தடவும் பொறுப்பை இவர் ஏற்றுக்கொண்டார். வேலைப் பழக்கம், விட்டார் பாருங்கள் எண்ணெயை. பிள்ளை கையில் நிற்கவில்லை. ஒருபக்கம் பிடித்தால் மறுபக்கம் வழுக்கினான்.

“பேரிங்குக்குக்கூட இவ்வளவு எண்ணெய் விடமாட்டாங்களே” என்று நான் கத்தினேன்.

“பேரிங் இப்படி அழறதில்லையே” என்றார் அவர். பயத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், தண்ணீரை முழங்கையில் ஊற்றிச் சூடு பார்க்க வேண்டும், எண்ணெய் என்பது உள்ளங்கையில் பூசுகிற அளவே போதும் என்பதெல்லாம் நாளாக ஆகத் தெரிந்துகொண்டோம். கழுத்து மடிப்பில் பால் வழிந்து தங்கி, தோல் சிவந்து போனதைப் பார்த்து நான் அழுதது ஒரு நாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, பழைய மல்துணியால் ஒற்றி எடுக்காமல் விட்டதில்லை.

ஆனால் அந்தக் குளியல் முடிந்து, துணியில் சுற்றி மார்போடு அணைத்தால் ஒரு வாசனை வரும். அதை எழுத எனக்குத் தெரியவில்லை. இவர் வேலைக்குப் புறப்படும் முன் அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவார். ஒரு நாள் அப்படிக் குனிந்தபோது பையன் அவரைப் பார்த்துச் சிரித்தான். நிஜமான சிரிப்பா, வாயுவால் வந்த சிரிப்பா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. அன்று அவர் ரயிலைத் தவறவிட்டார்.

வெள்ளிக் காசுகள் உருகிய கதை

முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுப் பெயர் வைத்தோம். அன்று எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தாய்மாமன் இல்லாத குறை தெரியக்கூடாது என்று ஒர்க்‌ஷாப் ஆட்கள் எல்லோரும் தங்களை மாமன் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆளுக்கொரு வெள்ளிக் காசு போட்டு, ஆசாரியிடம் கொடுத்து உருக்கித் தண்டையும் காப்பும் அரைஞாணும் செய்து வந்தார்கள்.

இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் நகை செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? மெல்லிசாக ஒன்றும் அவர்களுக்குப் பிடிக்காதாம். தண்டை ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் தடிப்பு. உள்ளே முத்துப்பரல் வேறு. அரைஞாண் மாட்டுச் சங்கிலிக்குத் தம்பி. போட்டுவிட்டால் பிள்ளை காலைத் தூக்க யோசிப்பான். ஆனாலும் எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. எல்லாவற்றையும் போட்டு, பட்டுச் சொக்காய் மாட்டி, தூளியில் கிடத்தினேன். அப்போதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன முதல் கோடு விழுந்தது.

விருந்தாளிகள் போன பிறகு பார்த்தால் அவன் கணுக்காலில் சிவப்பாக அச்சு பதிந்திருந்தது. உடனே அத்தனையையும் கழற்றினேன். துணியில் முடிந்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன்.

கோடு ஏறியது

அடுத்த ஞாயிறு கிள்ளானிலிருந்து மூத்தார் வந்தார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. எங்களுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். முப்பதுக்கு வேலை இருந்ததால் வரமுடியவில்லை.

எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரோடு நேராகப் பேசமாட்டாள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். இவரிடம் சொல்வேன், இவர் அண்ணனிடம் சொல்வார். நான் சொன்னது மூத்தார் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் தம்பி திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து, புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்.

அண்ணனுக்குத் தன் திறமையைக் காட்ட இவருக்கு ஒரே துடிப்பு. “பாருங்கண்ணே, போன வாரத்தைவிட எவ்வளவு இறங்கியிருக்கான்னு” என்று சொல்லிப் பிள்ளையைத் தூளியில் போட்டார். தூளி ஆடி நின்றது.

இறங்கவில்லை. முதல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

இவர் தூளியை மெதுவாக இழுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. இரண்டாவது கோட்டை அங்கேயே இழுத்தார்.

“ஸ்பிரிங் தளர்ந்து போச்சோ என்னவோ” என்றார் மூத்தார்.

“தளர்ந்தா கீழேதான் தொங்கும், அண்ணே. மேலே போகாது” என்றார் இவர். அப்படியானால் ஒரே அர்த்தம்தான். பிள்ளை இளைத்துவிட்டான்.

மூத்தார் பையிலிருந்து ஒரு டின்பாலை எடுத்து மேசையில் வைத்தார். டின்மேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை படம். “சும்மா இருக்கட்டும்னுதான் வாங்கியாந்தேன். இப்ப வேணும் போல இருக்கே. தம்பி, நான் சொல்றதைக் கேளு. உன் பொஞ்சாதிக்கு ஒடம்புல என்ன இருக்கு? ஈர்க்குச்சி. அதோட பால்ல எங்கேருந்து சத்து வரும்? தாய்ப்பாலை நிறுத்திட்டு இதைக் கரைச்சுக் கொடுங்க.”

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. “பிள்ளை நல்லாத்தான் குடிக்கிறான்னு சொல்லுங்க” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

“நல்லாத்தான் குடிக்கிறானாம்” என்றார் இவர்.

“குடிக்கிறது வேற, ஒட்டுறது வேற. சரி, ஒரு வாரம் பாருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். கோடு எறங்கலைன்னா நானே என் கையால டின்னைத் திறப்பேன்” என்று சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போனார். கெட்ட மனிதர் இல்லை. தம்பி பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்ற பயம் அவருக்கு.

பால்சுறாவும் சைக்கிள் மிஸ்ஸியும்

அந்த வாரம் நான் தின்றதை இப்போது நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது. ஞானம்மா அக்கா மீன் விற்கும் பாசாருக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்து புட்டு செய்தாள். பூண்டை நெய்யில் வதக்கிக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள். முருங்கைக்கீரை வேறு. ஆறு பிள்ளை பெற்றவள், தன் அடுப்பை விட்டுவிட்டு என் அடுப்படியிலேயே கிடந்தாள்.

“சாப்புடு தங்கச்சி. மாதாகிட்ட வேண்டியிருக்கேன். எறங்கும்” என்பாள். அப்புறம் மேசைமேல் இருந்த டின்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “ஆனாலும் அந்தப் படத்துல இருக்கிற புள்ளை என்னமா இருக்கு லா” என்பாள். எனக்கு வந்த எரிச்சலில் டின்னைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

இவர் அதைவிட மோசம். வேலை விட்டு வந்ததும் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் தூணுக்குப் போய்விடுவார். குனிவார், பார்ப்பார், பெருமூச்சு விடுவார். தூளி முதல் கோட்டைத் தொடவே இல்லை. “தூணைப் பார்க்காதீங்க, பிள்ளையைப் பாருங்க” என்று ஒரு நாள் சீறினேன். சொன்னேனே தவிர, நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பால் கொடுக்கும்போதுகூடத் தூணுக்கு எதிரில் உட்கார்ந்து அந்தக் கோடுகளையே வெறித்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் அவன் குடித்துக்கொண்டே என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுப்பான், எனக்குச் சிரிப்பு வரும். அந்த வாரம் எனக்குச் சிரிப்பே வரவில்லை. என் உடம்பே என்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்து நினைத்து அழுதேன்.

வாரத்தின் நடுவில் சைக்கிள் மணி கேட்டது. சர்க்கார் நர்ஸ் வந்திருந்தார். சீனப் பெண்மணி, வெள்ளைச் சட்டை, வேகமான நடை. வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை. எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் பாதி, மலாய் பாதி.

வீட்டுக்குள் வருவதற்கு முன்பே கொல்லைப்புறக் கொடியைப் பார்த்தார். கொடி முழுக்கப் பிள்ளையின் இடுப்புத்துணிகள் காய்ந்தன.

“எல்லாம் இன்னைக்கு நனைச்சதா?”

“ஆமாம் மிஸ்ஸி. தோய்ச்சு மாளலை” என்றேன்.

“பாகுஸ்” என்றார். நல்லது என்று அர்த்தம். எனக்கு விளங்கவில்லை. துணி துவைத்து என் கை தோலுரிகிறது, இதில் நல்லது என்ன?

பிள்ளையைத் தூக்கினார். தொடையை மெல்லக் கிள்ளினார். தன் விரலை அவன் முகத்துக்கு நேராக இப்படியும் அப்படியும் அசைத்தார். அவன் கண் கூடவே போனது. வீட்டுக்குள் இருந்த சாம்பிராணிப் புகையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்து, பிள்ளை பக்கம் புகை வேண்டாம் என்றார். நான் டின்னைக் காட்டி, தூணைக் காட்டி, அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். “குடிக்கலைன்னா இவ்வளவு துணி எப்படி நனையும்? சூசூ இபு சுக்குப் லா. உன் பால் போதும். இந்த டின் எல்லாம் சீனி. சின்னக் குழந்தைக்கு வேண்டாம்.” பிறகு, “கிளினிக்ல தராசு இருக்கு. கொண்டு வா, பார்க்கலாம்” என்றார்.

“மூணு மாசம் ஆகாம பச்சைப்புள்ளையை வாசப்படி தாண்ட விடக்கூடாது மிஸ்ஸி” என்று என்னை முந்திக்கொண்டு ஞானம்மா அக்கா சொன்னாள். மிஸ்ஸி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறினார்.

அவர் சொன்னதைக் கேட்டு மனம் குளிர்ந்தது. பிள்ளையைத் தூக்கிச் சுற்றினேன். சுற்றும்போது கண்ணில் தூண் பட்டது. ஒரு விரல் மேலே, வெள்ளை வெளேரென்று அந்தக் கோடு. மறுபடியும் மனம் சோர்ந்துவிட்டது.

அந்த ஞாயிறு

ஞாயிறு வந்தது. செய்தி எப்படிப் பரவியதோ, எங்கள் லைனில் பாதிப் பேர் வாசலில். செந்தூலிலிருந்து ஒர்க்‌ஷாப் மாமன்களும் வந்துவிட்டார்கள். மூத்தார் காலை ரயிலிலேயே வந்து, டின்னுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையோடு ஒரு பால்புட்டியும் கொண்டுவந்திருந்தார்.

நான் உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தேன். வயிறு நிறைந்து ஏப்பம் விட்டான். இத்தனை பேர் முன்னால் என் பிள்ளையை இளைத்த பிள்ளை என்று சொல்லப்போகிறார்கள். சொல்லட்டும், ஆனால் பார்க்க ராஜா மாதிரி இருக்கட்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு வந்தது. முகம் துடைத்து, மை இட்டு, பட்டுச் சொக்காய் மாட்டினேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். செய்துகொடுத்த மாமன்களும் வந்திருக்கிறார்களே. கொஞ்ச நேரம் போட்டால் கால் சிவக்காது என்று தண்டை, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் போட்டேன்.

ஞானம்மா அக்கா அவனை வாங்கிப்போய்த் தூளியில் விட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

முன்னறையில் சத்தமே இல்லை. தூளி கிறீச் கிறீச் என்று ஆடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“எறங்கிருச்சு” என்றார் யாரோ.

கண்ணைத் திறந்தேன். தூளி இரண்டாவது கோட்டைத் தாண்டி, முதல் கோட்டையும் தாண்டி, அதற்கும் ஒன்றரை விரல் கீழே நின்றது. வாசலில் ஒரே ஆரவாரம். மாமன்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஞானம்மா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. கொக்கியைத் தொட்டுப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். “நேத்து சாயங்காலம்கூட முதல் கோட்டுக்கு மேலேதானே இருந்தான். ஒரே ராத்திரியில இவ்வளவு கனம் எப்படி வரும்?” என்று முணுமுணுத்தார். தொழில்காரர் புத்தி, விடாது.

ஆரவாரம் அடங்கியது. எல்லோரும் தூளியைப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவன் சிரமப்பட்டு ஒரு காலைத் தூக்கி உதைத்தான். ஜல் என்றது தண்டை.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மூத்தார் இருப்பதையும் மறந்து முன்னறைக்கே வந்துவிட்டேன்.

“தண்டைங்க. முப்பது அன்னைக்கும் இதெல்லாம் போட்டிருந்தான். முதல் கோடு வெள்ளியோட போட்ட கோடு. அன்னைக்கே நான் கழற்றிட்டேன். போன வாரம் வெறும் பிள்ளையைத்தானே தூளியில போட்டோம்.”

இவர் என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்து, மாமன்கள் சுற்றி நிற்க, நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் கழலக் கழலத் தூளி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. எல்லாம் கழற்றியபின், போன ஞாயிறு போட்ட இரண்டாவது கோட்டுக்கு முக்கால் விரல் கீழே வந்து நின்றது.

“பாத்துக்குங்க” என்று சாக்குக்கட்டியால் தூணைத் தட்டினார். “நகையோட பார்த்தா, முதல் கோட்டுக்கு ஒன்றரை விரல் எறங்கியிருக்கான். நகையில்லாம பார்த்தா, போன வாரக் கோட்டுக்கு முக்கால் விரல் எறங்கியிருக்கான். எப்படிப் பார்த்தாலும் எறங்கியிருக்கான். புள்ளை இளைக்கவே இல்லை. ஒரு நாளும் இளைக்கலை.”

ஒர்க்‌ஷாப் மாமன்களில் ஒருவர் தண்டையைக் கையில் ஏந்திக் கனம் பார்த்துவிட்டு, “கொஞ்சம் மெல்லிசா செஞ்சிருக்கலாமோ” என்றார். வாசலே குலுங்கியது.

டின்னைத் திறந்தேன்

மூத்தார் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தூணருகே குனிந்து கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு தூளிக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளை அவர் மீசையைப் பிடித்துக்கொண்டான். அவர் அப்படியே நின்றார், விடுவித்துக்கொள்ள முயலவில்லை.

நான் மேசைக்குப் போய் டின்னை எடுத்தேன். அடுக்களைக்குள் நுழைந்து கத்தியால் இரண்டு ஓட்டை போட்டேன். பெரிய பானையில் தேயிலை கொதிக்கவிட்டு, டின்பாலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தேன். காலி டின்னுக்கு அப்போதே ஞானம்மா அக்காவின் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். கயிறு கட்டினால் கடையிலிருந்து கோப்பி வாங்கிவர ஆகுமே.

எல்லோருக்கும் இவர் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு டம்ளரை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். முன்னறைக்குப் போனேன். மூத்தாருக்கு முன்னால் நின்று நீட்டினேன்.

“நீங்க வாங்கிட்டு வந்த பால்தான். பெரியவங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கும். குடிங்க.”

என் வீட்டுக்காரர், பழக்க தோஷத்தில், “பெரியவங்களுக்கு நல்லா இருக்குமாம், அண்ணே” என்று திருப்பிச் சொன்னார்.

“எனக்குக் காது கேக்குதுடா” என்றார் மூத்தார். டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, நேராக, “நல்லா வளர்த்திருக்கம்மா” என்றார்.

அதற்குள் தூளிக்குள் இருந்தவன் அழுதான். இத்தனை அமர்க்களத்தில் அவனுக்குப் பசி வந்திருந்தது. தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன்.

இன்று அவன் உட்கார்ந்தால் எங்கள் வீட்டு நாற்காலி முனகுகிறது. அவனுடைய பேரப்பிள்ளைகள் தாத்தாவின் தொந்தியில் குதிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாயிறுதான் ஞாபகம் வரும். அந்த வீட்டு உள்ளறையிலிருந்து பார்த்தாலும் தூண் தெரியும். அன்று நான் தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் குடித்தான், குடித்துக்கொண்டே என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.